‘எத்னிக் பெர்க் 14’ வாசித்தவர் யார்?

சினிமாப் பாட்டுக்கு ரிதம் ப்ரோக்ராமிங் செய்வது என் பிழைப்பு. இசையமைப்பாளர் மெட்டையும் டெம்போவையும் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குக் கீழே ஓட வேண்டிய தாளத்தைக் கம்ப்யூட்டரில் அடுக்கித் தருவது என் வேலை. அடுக்குவது பெரும்பாலும் லூப்புகளை. லூப் என்றால் நாலு பாரோ எட்டு பாரோ (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) நீளமுள்ள ஒரு தாளத் துண்டு. முடிகிற இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்கே போய், ஒட்டுத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் நீங்கள் கேட்கிற குத்துப் பாட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டால், உறுமி ஒரு லூப், பறை இரண்டு லூப், அடியில் ஏதோ ஒரு வெளிநாட்டு ட்ரம்ஸ் லூப் என்று ஏழெட்டாவது தேறும்.

இவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது என்று சொல்லித் தருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வாத்தியத்துக்கு ஒரு ஃபோல்டர், டெம்போவுக்கு ஒரு ஃபோல்டர், பிடித்ததற்கு நட்சத்திரம், பிடிக்காததற்குக் குப்பைத் தொட்டி. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அத்தனை பேரும் ‘தேடினால் சட்டென்று கிடைக்க வேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கிடைத்ததை வாசித்தது யார் என்று கேட்க அந்த அடுக்கில் ஒரு கட்டம்கூட இல்லை. சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் எந்த ஸ்டூடியோவின் டிஸ்கைத் திறந்தாலும் ‘எத்னிக் பெர்க் 14’, ‘குத்து நியூ 2’, ‘உறுமி ஃபைனல் ஃபைனல்’ என்றுதான் வரிசை கட்டி நிற்கும். ஒரு மனுஷன் பஸ் ஏறி வந்து, கை காய்க்க அடித்துவிட்டுப் போன தாளம் அது. லூப்பை அடுக்கி வைப்பதை வெறும் வசதிப் பிரச்சினையாகப் பார்ப்பது போதாது என்பது என் கட்சி. வாசித்தவர் பெயர் இல்லாத லூப்பை நம் டிஸ்கில் சேர்க்கவே கூடாது.

பழைய ஆட்கள் சாம்ப்ளர் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1988-ல் வந்த அக்காய் எஸ்1000 போன்ற பெட்டிகளில் ஒலியை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும். 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் சி.டி. தரத்து ஸ்டீரியோ ஒலி 8 விநாடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான். 120 டெம்போவில் நாலு பார் போனால் சரியாக 8 விநாடி. ஆக, ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு லூப். மேலே ஒட்டிய சீட்டில் பேனாவால் எழுதாமல் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அப்புறம் எது எதுவென்று கடவுளுக்கே தெரியாது. அதனால் எழுதினார்கள்: டோலக், இன்னார், இன்ன ரெக்கார்டிங் தியேட்டர், இன்ன படம். யாரும் கலைஞனை கௌரவிக்கிறோம் என்று நினைத்து எழுதவில்லை. வேறு வழியில்லாமல் எழுதினார்கள். அந்தக் கட்டாயம் போனதும் பெயரும் போய்விட்டது.

இன்று அதே நாலு பாரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்தால் 2.3 எம்.பி. ஆகும். உள்ளங்கையில் அடங்குகிற 1 டி.பி. டிஸ்கில் 4 லட்சத்து 30 ஆயிரம் லூப் கொள்ளும். ராத்திரி பகலாக ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கேட்டு முடிக்க 40 நாள் வேண்டும். அதனால் யாரும் கேட்பதில்லை. பெயரைப் பார்க்கிறார்கள், டெம்போ எண்ணைப் பார்க்கிறார்கள், இழுத்துப் போடுகிறார்கள். காதால் தேர்ந்தெடுத்த காலம் மலையேறி, ஃபைல் பெயரைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற காலம் வந்துவிட்டது. அப்படியென்றால் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு எவ்வளவு கனம் கூடியிருக்கிறது, பாருங்கள்.

அந்த டெம்போ எண்ணையாவது நம்பலாமா? நம் ஊர் தாளத்தில் அதற்கும் வழியில்லை. குத்து, தெம்மாங்கு, கானா எல்லாம் பெரும்பாலும் ஆறு-எட்டில் நடக்கும். கால் தட்டுகிற தட்டை எண்ணினால் 132 என்று வையுங்கள். அதே லூப்பைச் சில மென்பொருளிடம் கொடுத்தால் மூன்று சின்ன அடிகளை இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்து 198 என்னும். இன்னொன்று அதையும் பாதியாக்கி 99 என்று ஒட்டிவிடும். மூன்றும் ஒரே லூப்தான். உதவியாளர் பையன் 130-லிருந்து 135 வரை தேடுகிறான். 99-ல் உட்கார்ந்திருக்கிற நல்ல தாளம் ஆயுசுக்கும் வெளியே வராது. மஞ்சள்தூள் டப்பாவில் மிளகாய்த்தூளைப் போட்டு மூடி வைத்த கதை. எனவே என் டிஸ்கில் டெம்போ எண்ணுக்கு முன்னால் நடை வரும்: நாலு-நாலு, ஆறு-எட்டு, மிஸ்ரம், கண்டம். நடையைச் சொல்லாமல் டெம்போவை மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்.

எழுத்துப் பிரச்சினை ஒன்று தனியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் டோலக் என்று அடிக்கும்போது ஒருவர் எச் போடுவார், ஒருவர் போட மாட்டார், மூன்றாமவர் கடைசியிலும் ஒரு எச் சேர்ப்பார். தவிலுக்கும் அதே கதி. தமிழிலேயே எழுதிவிடலாமே என்றால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ‘கொட்டு’ என்பதில் வரும் ஒகரக் குறியைக் கம்ப்யூட்டர் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்தே வைக்கும். விண்டோஸில் அடித்தது சேர்ந்தே இருக்கும். விவரம் போதாத தேடல் கருவி இரண்டும் வேறு வேறு சொல் என்று நினைத்துக் கையை விரித்துவிடும். அதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை. ஒரு ஸ்டூடியோவில் ஒரே எழுத்து முறை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் முடிந்தது. என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். புதிதாக வருகிற பையன் முதல் வாரம் சிரிப்பான், இரண்டாவது வாரம் அதைப் பார்த்துத்தான் அடிப்பான்.

இதெல்லாம் தேடலுக்கான வேலை. இனி வாசிப்புக்கு வருகிறேன்.

பறை ரெக்கார்டிங் என்றால் ஸ்டூடியோவுக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு மூலையில் தீ மூட்ட வேண்டும். தோலைச் சூடு காட்டினால்தான் இறுகும், கணீரென்று பேசும். காய்ச்சிக்கொண்டு உள்ளே வந்து முதல் டேக் அடிக்கும்போது இருக்கிற சுருதி, நேரம் போகப் போக இறங்கும். தேனிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெரியவர், நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதையோ பேசிக்கொண்டிருக்கும்போதே பறையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இனி ஒப்பேறாது, காய்ச்சிட்டு வந்துடறேன்” என்று எழுந்துவிடுவார். மீட்டர் எதுவும் காட்டாத இறக்கம் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். காய்ச்சுவதற்கு முன்னால் எடுத்த டேக்கிலிருந்து ஒரு லூப்பும், காய்ச்சிய பிறகு எடுத்ததிலிருந்து ஒரு லூப்பும் வெட்டி, ‘பறை 1’, ‘பறை 2’ என்று போட்டுவிட்டால், அடுத்த வருஷம் எவனாவது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பான். எங்கேயோ இடிக்கிறது என்று ஈக்யூவைத் திருகிக்கொண்டே இருப்பான். ‘காய்ச்சியதும், முதல் டேக்’ என்று அன்றைக்கே எழுதியிருந்தால் அந்த அவஸ்தை கிடையாது.

உறுமி இன்னொரு தினுசு. அதன் உயிரே ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து வரவழைக்கிற அந்த இழுப்பில் இருக்கிறது. 1994-ல் ஸ்வீடனின் ப்ராப்பலர்ஹெட் நிறுவனம் கொண்டுவந்த ரீசைக்கிள் மென்பொருளும் சரி, அதற்குப் பின்னால் வந்தவையும் சரி, லூப்பை அடி விழுகிற இடம் பார்த்துத் துண்டு போடும். டெம்போ மாறினால் துண்டுகளை நெருக்கியோ தள்ளியோ வைக்கும். ட்ரம்ஸ் செட்டுக்கு அருமையான ஏற்பாடு. உறுமியின் இழுப்பில் ‘அடி’ எங்கே இருக்கிறது? ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிற ஒலியை எங்கே வெட்டினாலும் காயம்தான். இழுப்பு பாரின் கோட்டைத் தாண்டி அடுத்த பாருக்குள்ளும் கொஞ்சம் போகும். கோட்டில் கத்தி வைத்தால், திரும்பத் திரும்ப ஓடும்போது யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரிக் கேட்கும். அதனால் உறுமிக்கு நான் இரண்டு பிரதி வைப்பேன்: கோட்டோடு வெட்டியது ஒன்று, வால் விட்டது ஒன்று. கூடவே முழு டேக்கும், வெட்டாமல், கை படாமல், தனி இடத்தில் இருக்கும். வெட்டிய லூப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். முழு டேக் போனால் போனதுதான்.

ஆப்பிள் நிறுவனம் 2004 ஜனவரியில் கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளை வெளியிட்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட லூப்புகளோடு வெளியிட்டது. அதன் லூப் தேடும் பலகையில் பொத்தான்கள் உண்டு: நிதானம் அல்லது தீவிரம், உற்சாகம் அல்லது இருள், தனி அல்லது கூட்டம். வெளிநாட்டு கிடார் லூப்புக்கு இது பொருந்துமாயிருக்கும். பறையைக் கொண்டுபோய் எந்தப் பொத்தானில் வைப்பது? அதே தோல், அதே சிண்டுக்குச்சி, அதே அடிக்குச்சி. திருவிழாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். அடிதான் வேறு. சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மாரடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், எது எப்போது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பெயரும் கணக்கும் அவர்கள் வாயில் இருக்கிறது. நாம் ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் ‘எத்னிக் பெர்க் 14’ என்று போட்டுவிட்டு, மாரடியைக் கல்யாணப் பாட்டுக்குக் கீழே ஓட்டிவிட்டு, படம் வந்த பிறகு ஊர்க்காரன் முகம் சுளிக்கிறானே என்றால்?

இந்தத் துறையில் பெயர் தொலைந்ததற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1969-ல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டை வெளியிட்டது. அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிற்க, ட்ரம்மர் கிரகரி கோல்மன் மட்டும் நாலு பார் அடிப்பார். ஆறேழு விநாடிதான். ஹிப்-ஹாப்பிலும், இங்கிலாந்தில் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் வகைகளிலும் அந்த நாலு பார் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடியது. கோல்மனுக்குக் காலணா வரவில்லை. 2006-ல் அவர் வீடு வாசல் இல்லாதவராக அட்லாண்டாவில் இறந்தார். ரசிகர்கள் 2015-ல் வசூல் செய்து 24 ஆயிரம் பவுண்டுக்குச் சற்றுக் கூடக் குறைய கொடுத்தபோது வாங்கிக்கொள்ள குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் இருந்தார், அடித்தவர் இல்லை. அந்தத் துண்டுக்கு உலகம் வைத்த பெயரே ‘ஆமென் பிரேக்’. பாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆளின் பெயர் ஒட்டவில்லை. 2007-ல் ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ உலகைச் சுற்றி வந்தது. அதன் ட்ரம்ஸ் கராஜ்பேண்டோடு வந்த ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்ற லூப்தான். அந்தப் பெயரிலும் வரிசை எண் இருக்கிறது, ஆள் இல்லை.

நம் ஊரில் இது வெறும் நன்றிக்கடன் விஷயமாகக்கூட இப்போது இல்லை. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது 38ஏ, 38பி என்ற பிரிவுகளைச் சேர்த்தார்கள். நிகழ்த்துகிற கலைஞருக்கு, அந்தப் பதிவு வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி பெறும் உரிமையை முன்னது பேசுகிறது. பின்னது, தன் நிகழ்த்தலுக்குத் தான்தான் கலைஞர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை. பயன்படுத்துகிற விதத்தில் பெயர் போட இடமில்லாவிட்டால் விலக்கு என்றும் ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த ஒரு வரியில் வண்டியோட்டி வெளியே வந்துவிடுகிறார்கள். நாற்பது டிராக் உள்ள பாட்டில் பன்னிரண்டாவது டிராக்கின் உறுமிக்கு போஸ்டரிலா பெயர் போடுவது என்பார்கள். சரி, போஸ்டரில் இடமில்லை. ஃபைல் பெயரில் இடமில்லையா? நிகழ்த்துகிற கலைஞரின் உரிமைக்குச் சட்டம் கொடுத்திருக்கிற ஆயுள் 50 வருஷம். இன்றைக்கு 20 வயதில் பறை அடிக்க வருகிற பையன் 70 வயதில் வந்து ‘இது என் கை’ என்று சொன்னால், சரிபார்க்க நம்மிடம் என்ன இருக்கும்? ‘குத்து நியூ 2’ இருக்கும்.

“பேரைப் போட்டா நாளைக்கு ராயல்டி கேப்பாங்கண்ணே” என்று என் உதவியாளனே சொன்னான். கேட்டால் கேட்கட்டுமே. கேட்க உரிமை இருக்கிறவன் கேட்காமல் இருப்பதற்காக அவன் பெயரை அழிப்பது எந்த ஊர் நியாயம்? இந்தப் பயத்துக்கும் பின்னால் இன்னொரு பயம் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ப்ரோக்ராமருக்கு அவன் டிஸ்க்தான் மூலதனம். நல்ல உறுமிக்காரர் யார் என்று ஃபைல் பெயரில் எழுதி வைத்தால், பென் டிரைவ் கைமாறும்போது ஆளும் கைமாறிவிடுவார், அடுத்த கம்பெனி நேராக அவரையே கூப்பிட்டுவிடும். கூப்பிடட்டும். அவருக்கு இன்னொரு கால்ஷீட் கிடைக்கும். பெயரை மறைத்து நாம் காப்பாற்றுவது கலையை இல்லை, நம் கல்லாவை.

மறைப்பதில் நமக்கே நஷ்டமும் உண்டு. காசு கொடுத்து வாங்குகிற லூப் பேக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பயன்படுத்தலாம், தனி லூப்பாக யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்பது பொதுவான நிபந்தனை. உரிமம் வாங்கினவருக்குத்தான். உதவியாளர் வேலை மாறும்போது டிஸ்கை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போவது எங்கள் துறையில் சர்வ சாதாரணம். அந்த நகலில் எது வாங்கியது, எது வாசித்தது, எது ஓசி என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒரே லூப்பை இரண்டு ஊரில் இரண்டு பேர் பயன்படுத்தி, ஒருவர் தன் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் முதலில் பதிந்துவிட்டால், மற்றவர் பாட்டின் மேல் உரிமை கோரல் விழும். அப்போது தயாரிப்பாளர் போன் போடுவார். ரசீதும் உரிமக் கடிதமும் லூப்போடு அதே ஃபோல்டரில் இருந்தால் அரை மணியில் பதில் அனுப்பலாம். இல்லையென்றால் ராத்திரி தூக்கம் போச்சு. நாம் எடுத்த பறை, உறுமிக்கும் இதுவே: வாசித்தவர் பெயரும் தேதியும் கையில் இருந்தால் ‘இது எங்கள் ரெக்கார்டிங்’ என்று நிமிர்ந்து சொல்லலாம்.

இப்போது இயந்திரமே அடுக்கித் தருகிறதே என்பார்கள். உண்மைதான். எக்ஸ்ஓ, சோனோனிம் போன்ற மென்பொருள்கள் ஒலியைக் கேட்டு, ஒத்தது ஒத்ததை அருகருகே வைத்து வரைபடமே போட்டுத் தருகின்றன. கிக், ஸ்னேர் தேடுகிற வேலையில் எனக்கு அவை பெரிய உபகாரம். அதை மறுக்க மாட்டேன். ஒரு பறை லூப்பைப் போல இன்னொரு பறை லூப்பைக் காட்டும். ஆனால் வாசித்தவர் ஊர் என்ன, அடியின் பெயர் என்ன என்பதெல்லாம் ஒலி அலைக்குள் இல்லை. இல்லாததை எந்த இயந்திரமும் எடுத்துத் தராது.

எழுதி வைக்கக் கருவியும் புதிதாகத் தேவையில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 1997-லேயே ‘பிராட்காஸ்ட் வேவ்’ என்று சாதாரண வேவ் ஃபைலுக்குள் ஒரு குறிப்புப் பெட்டியை வைத்துவிட்டது. விவரத்துக்கு 256 எழுத்து, உருவாக்கியவர் பெயருக்கு 32 எழுத்து, தேதி, நேரம். அந்தக் கட்டங்களில் ஆங்கில எழுத்துதான் ஏறும். தமிழில் வேண்டுமானால் ஐஎக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டிகளை மட்டும் நம்ப முடியாது. ப்ராஜெக்டுக்குள் இழுத்துப் போட்டு, வெட்டி, பவுன்ஸ் செய்தால் புதிய ஃபைல் பிறக்கும். பழைய குறிப்பு அதற்குள் வராமல் போய்விடலாம். எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம். அதனால் முக்கியமானதை ஃபைல் பெயரிலேயே போட வேண்டும். நான் போடுவது இப்படி: வாத்தியம், நடை, டெம்போ, அடியின் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், மாதமும் வருஷமும். நீளம்தான். விண்டோஸில் ஃபோல்டர் பாதையோடு சேர்த்து 260 எழுத்தைத் தாண்டினால் சில மென்பொருள்கள் முரண்டு பிடிக்கும் என்பதால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போவதை விட்டுவிட்டேன். பெயர் ஒழுங்காக இருந்தால் அத்தனை ஃபோல்டர் எதற்கு?

இன்னொன்றும் செய்கிறேன். இதைத்தான் எல்லா ஸ்டூடியோவும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவேன். டேக் தொடங்குவதற்கு முன்னால், மைக் திறந்த பிறகு, வாசிக்கிறவரையே பேசச் சொல்வேன். பெயர், ஊர், என்ன அடி. பத்து விநாடி; மூன்று எம்.பி. கூடத் தேறாது. முதல் தடவை சிலர் கூச்சப்படுவார்கள். அந்தத் தேனிப் பெரியவர் தன் பெயரோடு நிறுத்தாமல், கற்றுக்கொடுத்தவர் பெயர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர், கோயில் பெயர் என்று ஒரு நீளமான பட்டியலே சொல்லிவிட்டு, “போதுமா தம்பி?” என்றார். முழு டேக்கின் தலையில் அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது. பெட்டியில் எழுதிய குறிப்பு அழியலாம், ஃபைல் பெயரை எவனாவது மாற்றலாம். ஒலிக்குள்ளேயே பதிந்ததை யாராவது உட்கார்ந்து வெட்டினால்தான் உண்டு.

பத்திரப்படுத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்ற கணக்கு உலகமெங்கும் சொல்வதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அசோக் நகர், ஜாஃபர்கான்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு ‘வெளியூரில் ஒன்று’ ஏன் என்று விளக்க வேண்டாம். என் மூன்றாவது பிரதி திருச்சியில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதுப்பித்துவிட்டு வருவேன். ப்ராஜெக்ட் முடிந்ததும் அதில் பயன்படுத்திய லூப்புகளை எல்லாம் அந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே திரட்டி மூடுவதும் அவசியம். லாஜிக், க்யூபேஸ், ஏபிள்டன் என்ற இசை மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அதற்கு வசதி இருக்கிறது. செய்யாமல் விட்டால் ஐந்து வருஷம் கழித்துத் திறக்கும்போது ‘ஃபைலைக் காணவில்லை’ என்று வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும்.

1990-களில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஆல்ப உறைகளில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாகி வந்தபோது, அதை வாசித்துத்தான் என்னைப் போன்ற பல பையன்களுக்குப் புல்லாங்குழல் யார், தபலா யார் என்று தெரிந்தது. இன்று உறையே கிடையாது. போன் திரையில் பாடகர் பெயருக்குத்தான் இடம். வாசித்தவர் பெயர் உயிரோடு இருக்கக்கூடிய கடைசி இடம் ஸ்டூடியோ டிஸ்க்.

பறை, உறுமி, பம்பை வாசிக்க வருகிறவர்களில் பலர் வெளியூரிலிருந்து ஒரு நாளைக்கு வந்து போகிறவர்கள். சாயங்காலம் மேனேஜர் வவுச்சரை நீட்டுவார். பெயர், ஊர், தொகை எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார், ஆடிட்டர் விடமாட்டார். ஆக, பெயர் தெரியவில்லை என்று எந்த ஸ்டூடியோவும் சொல்ல முடியாது. வவுச்சரில் இருக்கிற அதே பெயரை, அதே சாயங்காலம், ஃபைலிலும் எழுதாமல் செஷனை மூடக்கூடாது என்று இசைக் கலைஞர்கள் யூனியனும் தயாரிப்பாளர்களும் உட்கார்ந்து ஒரு விதி போடட்டும். பெயரை டைப் அடிக்கப் போவது என்னைப் போன்ற ப்ரோக்ராமர்தான், அவர்களுக்குச் செலவில்லை.